சுரண்டிப் பார்க்காத மைக்

இது என் மூச்சு. அக்காவுடையது இல்லவே இல்லை. அக்கா மூச்சு வாங்குவது யாருக்கும் கேட்காது. இருபத்திரண்டு வருஷம் அதற்காகவே பழகியவள் அவள். மாடிப்படி ஏறி வந்தவளைப் போல இப்படி இழுத்து வாங்குகிறவள் நான்தான். இவருக்கும் தெரிந்துவிட்டதோ? தெரிந்திருக்கும். இல்லாவிட்டால் ஏன் என் பக்கம் திரும்பாமல் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்?

அவள் இதில் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஹெட்போனைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள். முதலில் அவளுடைய மூச்சு. அதற்குப் பின்னால், எங்கோ அடுத்த வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து வருவதைப் போல, அக்காவின் குரல். குரலுக்கு மேலே லேப்டாப் விசிறியின் ஓயாத இரைச்சல். நடுநடுவே கீபோர்டில் அவள் விரல் பட்ட டக், டக். ஒரு இடத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. அந்த நாற்காலியை அவளுக்குத் தெரியும்.

பாட்டு சொல்லிக்கொடுக்கிறவர் இல்லை இவர். பாட்டைக் கம்ப்யூட்டரில் பதிவுசெய்து, வெட்டி, ஒட்டி, சேர்ப்பது எப்படி என்று பன்னிரண்டு வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பவர். ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடியே பிறந்தவர் என்று சொல்லி, வகுப்பிலிருந்த ஒரு முடிதிருத்துபவர் இவருக்குக் 'கழுத்துப்பட்டை' என்று பெயர் வைத்துவிட்டார். அவளுக்கு வைத்த பெயர் 'கண்ணாடிக்கடை'. கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கும் கடையில் அவளுக்கு வேலை.

கழுத்துப்பட்டை ஒருவழியாகத் திரும்பினார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி மைக்கை நகத்தால சுரண்டிப் பாத்தீங்களா?"

"சுரண்டியா?"

"ஆமா. சுரண்டினா ஸ்க்ரீன்ல கோடு துள்ளணும். துள்ளலைன்னா அந்த மைக் உள்ளே வரலைன்னு அர்த்தம். மூணாவது க்ளாஸ் பூரா அதைத்தானே சொன்னேன்."

"மூணாவது க்ளாஸுக்கு நான் வரல."

அன்றைக்குத்தான் அக்காவை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

"நீங்க நிக்க வெச்சிருந்த பெரிய மைக் ஒரு எழுத்தைக்கூடப் புடிக்கல மேடம். அதுக்கு கரன்ட் போயிருக்கு, லைட்டும் எரிஞ்சிருக்கும். ஆனா இன்புட்ல அதை நீங்க செலக்ட் பண்ணவே இல்ல. லேப்டாப் ஸ்க்ரீனுக்கு மேல ஒரு பொட்டு மைக் இருக்குமே, வீடியோ கால் பேசுறது, அதுதான் எல்லாத்தையும் புடிச்சிருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "நாலு பாட்டும்" என்றார்.

"நாலுமா?"

"நாலும்."

"மறுபடியும் பாடச் சொல்லுங்க" என்று அவர் சொல்ல வாயெடுத்ததும், நினைவு வந்து நிறுத்திக்கொண்டதும் அவர் முகத்தில் தெளிவாகத் தெரிந்தன. அக்காவின் குரல்வளையை எடுத்துப் பதினாறு நாட்களாகிவிட்டன.

*

அவள் இந்த வகுப்பில் சேர்ந்தது அக்காவுக்காக இல்லை. அந்த உண்மை அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சின்ன வயதிலிருந்தே இரண்டு பேருக்கும் ஒரே குரல். போனை எடுத்து ஹலோ சொன்னால் பெற்ற அம்மாவுக்கே வித்தியாசம் தெரியாது, "பெரியவளா, சின்னவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள். ஆனால் பாடுகிறவள் அக்கா, சின்னவளான சின்னு பாடமாட்டாள் என்பது அந்த வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்ட விஷயம். யார் முடிவு செய்தது என்று யோசித்தால் ஒருவர் முகமும் நினைவுக்கு வராது. குளியலறையில் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு அவள் பாடியிருக்கிறாள். குழாயை மூடினால் வாயும் மூடிக்கொள்ளும். நாற்பத்தோரு வயதில், தானும் கம்ப்யூட்டரும் மட்டும் இருக்கும் ஒரு அறையில் தன் குரலை ஒரே ஒரு தடவை பதிந்து கேட்டுப் பார்க்கலாமே என்றுதான் பணம் கட்டிச் சேர்ந்தாள். முதல் வகுப்பில், "இதுல நீங்க எதையும் கெடுத்துற முடியாது, அன்டூ அடிச்சா பழையபடி வந்துரும்" என்று கழுத்துப்பட்டை சொன்னபோது பஸ்ஸில் வீடு வரும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது வகுப்பு முடிந்த வாரம் அக்காவின் தொண்டையில் இருப்பது என்ன என்று தெரிந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

அக்கா கோரஸ் பாடுகிறவள். நாலு பேர் நிற்கும் வரிசையில் மூன்றாவதாக நிற்பாள். ஸ்டூடியோக்களில் அவளை 'மூணாவது' என்றுதான் கூப்பிடுவார்கள். "மூணாவது வந்தாச்சா?", "மூணாவது, ஒரு அடி பின்னாடி போம்மா." கடைகளில், பஸ்ஸில், கல்யாண மண்டபங்களில் அவள் குரல் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது, மற்ற மூன்று குரல்களோடு கரைந்து. அக்காவாலேயே தன்னைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடியாது. தன் முறைக்காகக் காத்திருந்த நேரங்களில் அவள் தனக்கென்று நாலு பாட்டு கட்டி வைத்திருந்தாள். அவற்றைத் தனியாகப் பாடிப் பதியவேண்டும், அந்தப் பத்தொன்பது நாளுக்குள். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை.

"பெரிய ஸ்டூடியோல சொல்லி ஏற்பாடு பண்ணலாமே" என்றார் அத்தான். லிஃப்ட் மெக்கானிக். எந்த ரிப்பேருக்கும் தகுந்த ஆள் ஒருவன் இருக்கிறான் என்று நம்புகிறவர்.

"அங்கே போனா என் கால் தானா மூணாவது இடத்துல போய் நிக்கும்" என்றாள் அக்கா. "தொண்டையில என்னன்னு கேப்பாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாவம்னு பாப்பாங்க. வேண்டாம். சின்னு கத்துக்கிட்டிருக்காளே, அவ பண்ணட்டும்."

"அவளா? இப்பதான் ரெண்டு க்ளாஸ் போயிருக்கா."

"ரெண்டு க்ளாஸ் போதும். எனக்கும் ரெண்டு வாரம்தான் இருக்கு."

அக்கா வீட்டுப் படுக்கையறையில் துணி அலமாரியைத் திறந்து வைத்து, கதவுகளில் போர்வை தொங்கவிட்டு ஒரு மூலையை உண்டாக்கினார்கள். கடையில் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை அவளுக்கு இடைவேளை. மேல்வீட்டுக்காரர்களும் அந்நேரம் இருக்கமாட்டார்கள். வாடகைக்கு எடுத்த பெரிய மைக்கை அக்காவின் வாயிலிருந்து ஒரு முழம் தூரத்தில் நிறுத்தினாள். விசிறிச் சத்தம் மைக்கில் விழக்கூடாது, கம்ப்யூட்டரைத் தள்ளி வையுங்கள் என்பது முதல் வகுப்புப் பாடம். அதனால் லேப்டாப்பை அறையின் மறுகோடியில், ஜன்னலோர மேஜையில் வைத்து, அதன் முன்னால் அவளும் உட்கார்ந்துகொண்டாள். அக்காவின் ஹெட்போனில் சுருதி ஒழுங்காகக் கேட்டது. மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா பாடியபோது ஸ்க்ரீனில் அலை எழுந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவள் நம்பினாள்.

ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எல்லாம் பாடி முடிக்கும் வரை பாடியதைக் கேட்கமாட்டாள், பக்கத்தில் யாரையும் கேட்கவிடமாட்டாள். நாலாவது பாட்டு முடிந்தது ஆபரேஷனுக்கு முந்தின நாள்தான்.

"கேட்டா குரல் பயந்துக்கும்" என்பாள். "கோரஸ்ல நாங்க யாரும் கேக்கமாட்டோம். அலை வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"பெருசா வந்திருக்கா?"

"கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கு."

"ஒரு அடி முன்னாடி வரட்டுமா?" என்று கேட்டுவிட்டு அக்கா தானே சிரித்தாள். "இருபத்திரண்டு வருஷத்துல மொத தடவையா முன்னாடி வரேன், பாரு."

வேலை செய்யாத மைக்கை நோக்கி அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள்.

*

கழுத்துப்பட்டை அரை மணி நேரம் முயன்றார். பாட்டு இல்லாத இடத்தில் கொஞ்சம் இரைச்சலைத் தேர்ந்தெடுத்து, இதுதான் வேண்டாத சத்தம் என்று மென்பொருளுக்குக் காட்டினார். அது பாட்டு முழுக்கத் தேடி இரைச்சலை எடுத்தது. எடுத்தபோது அக்காவின் சொற்களின் வால்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பேசுவதைப் போல இருந்தது. அவர் அன்டூ அடித்தார். வேறு விதமாக எடுத்தார். மறுபடியும் அன்டூ. கீழ்ச்சுருதிகளை ஏற்றினார், விசிறியும் கூடவே ஏறியது.

"இந்த மூச்சை மட்டும் வெட்ட முடியாதா?" என்று கேட்டாள் அவள்.

"வெட்டலாம். ஆனா ஒவ்வொரு வரியும் அந்த மூச்சு மேலதான் மேடம் ஆரம்பிக்குது. அதை வெட்டினா மொத எழுத்து போயிரும்." அவர் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார். "ஒரு வழி இருக்கு, சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பேசறப்ப கண்ணை மூடிக்கிட்டா இந்தக் குரல்தான் கேக்குது. நீங்க பாடுங்க. அக்கா பாடினதை அடியில மெல்லிசா ஓட விடறேன். சத்தியமா யாருக்கும் தெரியாது."

அவள் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். நன்றி சொல்லவேண்டும் என்பது தெருமுனை வரை வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நடந்துகொண்டே தன்னைத்தானே விசாரித்தாள். கடையில் நாள் முழுக்கக் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்கிறவள். ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்க்காமல் யாரையும் எழவிட்டதில்லை. அக்கா விஷயத்தில் மட்டும் ஏன் ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை? அக்கா கேட்கக்கூடாது என்றாள், சரி. அக்கா தூங்கிய பிறகு, வீட்டுக்கு வந்து, பஸ்ஸில்? கேட்டிருக்கலாமே. கேட்க மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. அக்காவின் குரல் தனியாக, யாரும் மறைக்காமல், அவ்வளவு அழகாக இருந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. இப்படி ஒரு நினைப்பு உள்ளே இருந்தவள்தான் அந்த மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க மறந்தாளா? மறந்தாளா, மறந்துவிட்டாளா, விட்டுவிட்டாளா? கேள்வி எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நின்றது. வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்ல அவளிடம் சாட்சி ஒன்றும் இல்லை.

*

அத்தான் கதவைத் திறந்தார். "வா வா, சின்னு. காலையிலிருந்து உனக்காக ஸ்பீக்கரை மூணு தடவை தொடைச்சு வெச்சிருக்கா."

அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்துத் துளைக்கு முன்னால் மெல்லிய வெள்ளைத் துணி. மூச்சு இப்போது அந்தத் துணி வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது. துணி லேசாக உள்வாங்கி வெளிவந்தது. மடியில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை, மார்க்கர். அவளைக் கண்டதும் எழுதினாள்: 'எல்லாம் பாடி முடிச்சாச்சு. இப்ப கேக்கலாம்.'

முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும் என்றுதான் வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். "அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தாள். மைக், இன்புட், மூன்றாவது வகுப்பு என்று ஏதேதோ சொன்னாள். அத்தானுக்குப் புரியவில்லை.

"என்ன சொல்றே? சத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கா? கூட்டி வெச்சுக்கலாம்."

அக்கா பலகையைத் தட்டினாள். 'போடு.'

போட்டாள்.

அறையில் அவளுடைய மூச்சு பெரிதாக எழுந்தது. பிறகு, தூரத்தில், அக்கா. முதல் பாட்டு முழுக்க யாரும் அசையவில்லை. இரண்டாவதில் நாற்காலி கிறீச்சிட்டபோது அத்தான் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார்.

"மைக்னு ஒண்ணு வெச்சியே, அது எதுக்கு?" அவர் திரும்பாமலேயே கேட்டார். "சுவிட்சைப் போட்டுப் பாக்காம நான் ஒரு லிஃப்ட்டுக்குள்ளே ஆளை ஏத்தமாட்டேன். ஒரு வேலை, ஒரே ஒரு வேலை சொன்னா உங்க அக்கா."

"சுவிட்ச் போட்டிருந்தது அத்தான்."

"அப்ப?"



அக்கா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். பிறகு விரலைச் சுழற்றி, பின்னால் போ என்றாள். மறுபடியும் அதே இடம். மூச்சு, பின்னால் வரி. மூச்சு, பின்னால் வரி. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். கோரஸில் பக்கத்துக் குரல் எங்கே பிசகுகிறது என்று கேட்கும் அதே சாய்வு. நாலாவது தடவைக்குப் பிறகு எழுதினாள்.

'மூச்சு உன்னோடது.'

"ஆமாக்கா."

'எனக்கு முன்னாடி வாங்கறே. ஒவ்வொரு வரிக்கும்.'



'சரியான இடத்துல வாங்கறே.' அக்கா அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் எழுதினாள். 'நீயும் கூடவே பாடிட்டிருந்தே. வாயைத் திறக்காம.'

அக்காவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளா என்று அவள் பதறி நெருங்கினாள். இல்லை, அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லாத சிரிப்பு. கழுத்துத் துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. அத்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பி, உடனே மறுபடியும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

சிரிப்பு நின்றதும் அக்கா பலகையைத் துடைத்தாள். பிறகு பலகை நிறைய, பெரிய எழுத்தில் எழுதினாள்.

'நீ பாடு.'

"அக்கா..."

'ஒரே குரல். யாருக்கும் தெரியாது. பேர் என்னோடது போடு.'

"அதானே!" அத்தான் ஜன்னலை விட்டு வந்தார். ரிப்பேருக்கு ஆள் கிடைத்துவிட்ட முகம். "அம்மாவே ஏமாந்து போவாங்கன்னு சொல்லுவீங்களே. பாடிரு சின்னு. தப்பு பண்ணினவதானே, நீயே சரி பண்ணு. இந்தா, வாடகை மைக் இன்னும் இங்கேதான் இருக்கு, நான் மாட்டித் தரேன்."

அவரே போர்வையை எடுத்து அலமாரிக் கதவில் போட்டார். அவரே மைக்கைத் தாங்கியில் பொருத்தினார். அவள் தடுக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து, இன்புட் பட்டியலைத் தேடிப்பிடித்து, பெரிய மைக்கின் பெயரைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டே இரண்டு தட்டல்தான். எழுந்து போய் மைக்கின் கம்பிவலையை நகத்தால் சுரண்டினாள். அறையின் மறுகோடியில் ஸ்க்ரீனில் கோடு துள்ளியது.

அக்கா ஹெட்போனை அவளிடம் நீட்டினாள். தலையில் வைத்துக்கொண்டாள். சுருதி கேட்டது. அக்கா நின்ற அதே இடம். அக்கா நிற்கவேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் ஒட்டிய டேப் இன்னும் இருந்தது. அத்தான் லேப்டாப் முன் உட்கார்ந்து, "இந்தச் சிவப்புப் பொத்தான்தானே?" என்று கேட்டு அழுத்தினார்.

நாலு எண்ணிக்கை போனது.

இத்தனை வருஷமாக அவள் எதற்கு ஏங்கினாளோ அது இதோ வாயிலிருந்து ஒரு ஜாணில் நின்றது. குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. பாடு என்று அக்காவே சொல்லிவிட்டாள். பாடினால் நன்றாகவே வரும், அது அவளுக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது. நன்றாக வந்துவிட்டால் இந்த நாலு பாட்டிலும் அக்கா இருக்கமாட்டாள். கேட்கிறவர்கள் மூணாவது எவ்வளவு நன்றாகப் பாடியிருக்கிறாள் என்பார்கள். அக்காவும் மெல்ல மெல்ல அதையே தன் குரல் என்று நம்ப ஆரம்பிப்பாள். பின்னால், விசிறி இரைச்சலுக்கு அந்தப் பக்கம் நின்று பாடியவளை யாரும் தேடமாட்டார்கள். அவள் செய்த தப்பு துடைத்து வைத்தது போலாகிவிடும். அவளுக்கோ, தன் குரல் என்று ஒன்று இருந்தது என்பதே யாருக்கும் தெரியாமல் போகும். இரண்டு பேரும் போய்விடுவார்கள், ஒரே பாட்டில்.

முதல் வரிக்கான இடம் வந்தது. அவள் மூச்சு வாங்கவில்லை.

இரண்டாவது வரிக்கான இடம் வந்தது. ஸ்க்ரீனில் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அத்தான் மைக்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வரலையே. மறுபடியும் ஏதாவது தப்பா?"

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"தப்பு ஒண்ணும் இல்ல அத்தான். நிறுத்திருங்க."

"ஏன், தொண்டை கட்டியிருக்கா? சரி, நாளைக்குப் பாடு. வெந்நீர் குடிச்சிட்டு வா."

"நாளைக்கும் இல்ல."

அக்கா பலகையைத் தட்டினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. 'நீ பாடு' இன்னும் அப்படியே இருந்தது. அவள் கட்டிலருகே போய் உட்கார்ந்து, அந்தப் பலகையைப் படித்தாள். புதிதாகப் படிப்பவளைப் போல மெதுவாகப் படித்தாள். அக்காவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டியது. அக்கா கண்களில் இருந்தது கெஞ்சலா கோபமா என்று பிரித்துப் பார்க்க அவள் முயலவில்லை.

"மாட்டேன்க்கா" என்றாள், அக்காவுக்கு மட்டும் கேட்கும்படி.

கை விட்டது. அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கழுத்துத் துணி உள்வாங்கி வெளிவருவது முதுகுப் பக்கத்திலிருந்து தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

அவள் எழுந்து மைக்கின் கேபிளைக் கழற்றி, முழங்கையில் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தாள். மூன்று மணிக்குக் கடைக்குத் திரும்பவேண்டும்.